நம் கதையை நாமே சொல்வோம்

(தாராவியில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில், கதைக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஆறு நாள் உழைத்த உடம்புக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை எவ்வளவு அருமையானது என்பது எங்களுக்கும் தெரியும். துணி துவைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், பிள்ளைகளின் பாடத்தைப் பார்க்க வேண்டும். அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே, சுற்றி வளைக்காமல் பேச வந்த பொருளுக்கு வந்துவிடுகிறோம்.

நம்மைப் பற்றிக் கதை சொல்லாதவர்கள் யார்? 1987-ல் ‘நாயகன்’ வந்தது. 2008-ல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ வந்தது. அடுத்த ஆண்டே எட்டு ஆஸ்கார் விருதுகளை அள்ளிக்கொண்டு போனது. 2018-ல் ‘காலா’ வந்தது. அவற்றுள் எது நல்ல படம், எது நம்மைப் புண்படுத்திய படம் என்ற விவாதம் இன்றைக்கு வேண்டாம். படக்காரர்கள் போக, சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், ஆராய்ச்சி மாணவர்கள் வருகிறார்கள். நம் சந்தையும் சாக்கடையையும் அடுப்பையும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் படங்களில் நாம் இருக்கிறோம். ஆனால் பேசுகிற குரல் நம்முடையதன்று!

2024 மார்ச்சில் தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது உங்களுக்குத் தெரியும். தரைத்தளமா, மாடியா? எத்தனை சதுர அடி? 2000 ஜனவரி 1-க்கு முன்னால் இருந்ததற்குக் காகிதம் உண்டா? இவைதாம் கேள்விகள். வீட்டுரிமைக்கு இந்தக் கேள்விகள் முக்கியமானவை. அவற்றுக்கு உரிய சான்றுகளைப் பத்திரப்படுத்துவது நம் கடமை. ஆனால் அந்தப் படிவத்தில் இல்லாத கேள்விகளும் உண்டு. இந்தச் சதுப்பு நிலத்தில் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்கியது யார்? முதல் தண்ணீர்க் குழாய்க்கு வரிசையில் நின்று அலைந்தது யார்? திருநெல்வேலியிலிருந்து வந்து, ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் இடுப்பளவு நின்று தோல் பதனிட்டது யார்? இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தை நாம்தாம் போட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு வழியைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம். அதன் பெயர் டிஜிட்டல் கதை.

டிஜிட்டல் கதை என்றால் என்ன?

இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று நிமிடம். ஒருவர் தம் வாழ்க்கையில் நடந்த ஒன்றைத் தம் சொந்தக் குரலில் சொல்கிறார். அந்தக் குரலுக்கு மேல் பத்துப் பதினைந்து படங்கள், பெரும்பாலும் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய புகைப்படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவ்வளவுதான். நடிகர் வேண்டாம், விளக்கு வேண்டாம், பெரிய கேமரா வேண்டாம்.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி முதலியோர் இதை ஒரு முறையாக வகுத்தார்கள். 1994-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மையம் அமைத்து, முன்பின் படம் எடுத்திராத சாதாரண மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு பிரிட்டனில், நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன வேல்ஸ் நாட்டில், 2001 முதல் 2008 வரை பி.பி.சி. நிறுவனம் ஊர் ஊராகப் போய் மக்களை உட்காரவைத்து அவரவர் கதையை அவரவரே செய்ய வைத்தது. அதற்கு முன்நின்றவர் டேனியல் மெடோஸ் என்ற புகைப்படக் கலைஞர்.

அன்றைக்கு அதற்குக் கணிப்பொறி தேவைப்பட்டது. பயிற்சி தருவோர் தேவைப்பட்டார்கள். இன்றைக்கு அந்தக் கருவி நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. கருவி வந்துவிட்டது, திட்டம்தான் வரவில்லை. திட்டமில்லாமல் செல்போனைத் தூக்கினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கதைக் குழுவே சாட்சி. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

எங்கள் முதல் தோல்வி

தொடக்கத்தில் நாங்கள் எடுத்தது நாற்பது நிமிடப் படம். தமிழன் மும்பைக்கு வந்த வரலாறு முதல் மறுசீரமைப்புத் திட்டம் வரை ஒன்றையும் விடவில்லை. முழக்கங்கள் உண்டு, புள்ளிவிவரங்கள் உண்டு, எங்கள் முகங்களும் நிறைய உண்டு. சந்தில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டுக் காட்டினோம். பத்தாவது நிமிடத்தில் ஒருவர் டீ குடிக்கப் போனார். இருபதாவது நிமிடத்தில் எங்கள் வீட்டாரைத் தவிர வேறு யாரும் இல்லை.

மக்களுக்கு அக்கறை இல்லை என்று அன்றைக்கு அவர்கள்மேல் கோபப்பட்டோம். பிறகுதான் புரிந்தது, குற்றம் மக்களிடம் இல்லை. எல்லாவற்றையும் சொல்ல முயன்று நாங்கள் எதையுமே சொல்லவில்லை. மேடைப் பேச்சு வேறு, கதை வேறு. மேடையில் ஆயிரம் பேரைப் பற்றி ஒருவர் பேசலாம். கதையிலோ ஒரே ஒரு மனிதர் வேண்டும். அவருக்கு நேர்ந்த ஒரே ஒரு நிகழ்ச்சி வேண்டும். கேட்பவர் மனத்தில் கடைசிவரை நிற்கிற ஒரு கேள்வி வேண்டும்.

இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் முறுக்குச் சுட்டு விற்கும் ஒரு அம்மா. அவர் செய்த கதையையே இன்றைக்குப் பாடமாக வைத்து, படிப்படியாகச் சொல்கிறோம். அவர் அனுமதி கொடுத்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

முதற்படி: வட்டமாக உட்காருதல்

எழுதத் தொடங்குவதற்கு முன்னால் பேச வேண்டும். ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டில் வட்டமாக உட்கார்ந்தோம். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பொருளோ படமோ கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. பேசி முடித்தபின் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். வட்டத்தில் சொன்னது வட்டத்தைத் தாண்டக் கூடாது. இந்த விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். இல்லாவிட்டால் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஆண்களோ நிறுத்த மாட்டார்கள்!

அந்த அம்மா கொண்டுவந்தது ஒரு போட்டோ பாஸ். இளைய தோழர்களுக்காக அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1976 ஜனவரியில் பம்பாயில் அரசு குடிசைகளைக் கணக்கெடுத்தது. கணக்கில் வந்த குடும்பங்களுக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுத்தார்கள். அதுவே போட்டோ பாஸ். நடைபாதை மக்களின் வழக்கான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும் என்றது. ஆக, அந்த ஒரு துண்டு அட்டைக்கு அத்தனை மதிப்பு.

அம்மா முதலில் தம் வாழ்க்கை முழுவதையும் சொன்னார். ஊர், ரயில், கல்யாணம், கடன், முறுக்கு, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் வந்தன. நாங்கள் கேட்டோம்: “இதிலே அட்டையை எதற்குக் கொண்டுவந்தீர்கள்?” அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அந்தப் படத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதுல எங்கப்பா போட்டிருக்க சட்டை எங்கப்பாவோடது இல்ல.”

தோழர்களே, அதுதான் கதை! ஒரு மணி நேரம் பேசியதில் ஒரு வாக்கியம். யாருடைய சட்டை அது? அந்தக் கேள்வி பிறந்தவுடனே வட்டத்தில் இருந்த எல்லாரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தோம். உங்கள் கதையைத் தேடும்போதும் இதையே கவனியுங்கள். எந்த வாக்கியத்தில் கேட்பவர் முன்னால் நகர்கிறாரோ, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி: எழுதுதல்

நம் தமிழில் நிறுத்தி நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 80 முதல் 90 சொற்கள் வரை போகும். ஆகவே மூன்று நிமிடக் கதைக்கு 250 சொற்கள் போதும். நோட்டுப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். எழுதியதைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள். படத்தில் தெரியப்போவதைச் சொல்லில் சொல்ல வேண்டியதில்லை. ‘சட்டை கட்டம் போட்டது’ என்று எழுதாதீர்கள். படமே அதைச் சொல்லிவிடும்.

இன்னொரு சங்கடம் வந்தது. பேனாவைக் கையில் எடுத்தவுடன் அம்மா மேடைத் தமிழுக்குப் போய்விட்டார். “என் தந்தையார் வறுமையில் வாடிய காலத்தில்” என்று தொடங்கியிருந்தார். குற்றம் அவருடையதன்று, நம் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். “உங்கள் தங்கச்சியிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டோம். அவர் சொன்னார்:

“எங்கப்பாவுக்குச் சட்டை கெடையாது. தோல் வேலைக்குப் போறவருக்கு எதுக்குச் சட்டை? துண்டுதான். போட்டோ புடிக்க வாராங்கன்னு சொன்ன அன்னைக்கு எங்கம்மா சொன்னா, கவருமெண்டு காயிதத்துல வெறும் ஒடம்போடயா நிக்கப் போறீங்கன்னு.”

அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னோம். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. நெல்லைச் சீமையின் பேச்சு மும்பைச் சந்தில் ஐம்பது ஆண்டு வாழ்ந்திருக்கிறது. அதைத் திருத்த நாம் யார்?

மூன்றாம் படி: படமும் பட்டியலும்

இனி, திட்டத்தின் உயிரான இடத்துக்கு வருகிறோம். நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம், காதில் விழுவது; வலப்பக்கம், கண்ணில் படுவது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரே என்ன படம் என்று எழுதுங்கள். ஒரு படம் பத்து விநாடி முதல் பதினைந்து விநாடி வரை நிற்கலாம். மூன்று நிமிடத்துக்குப் பதினைந்து படம் தாராளம். இந்தப் பட்டியலைப் போட்டுவிட்டால் எந்தப் படம் கையில் இருக்கிறது, எதைத் தேட வேண்டும், எதைப் புதிதாக எடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பட்டியல் போடாமல் வேலை தொடங்கியவர்கள் எல்லாரும் பாதியில் நின்றிருக்கிறார்கள், நாங்களும் நின்றிருக்கிறோம்.

அம்மாவின் பட்டியலில் தேட வேண்டியது இரண்டு படங்கள். ஏனென்றால் அந்தச் சட்டையை அன்றைக்கு அப்பா மட்டும் போடவில்லை. அடுத்த வீட்டுக்காரர், மாட்டுங்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவாட்டிய தமிழர், அவரும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். சட்டையின் சொந்தக்காரரும் நின்றார். அவர் மூன்றாவது வீட்டில் இருந்தவர். பரேலில் ஒரு நூற்பாலைத் தொழிலாளி. அம்மா அவரைக் ‘காகா’ என்று அழைத்தவர். ஆம் தோழர்களே, அவர் மராத்தி பேசுபவர்.

அடுத்த வீட்டுக்காரரின் அட்டை அவர் பேரனிடம், இதே தாராவியில் கிடைத்தது. காகாவின் குடும்பம் எங்கே? 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள் அல்லவா? ஆலைகள் பல திரும்பத் திறக்கவே இல்லை. காகாவின் வேலையும் போனது. குடும்பம் கல்யாண் பக்கம் குடிபெயர்ந்தது. ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, மூன்று ஞாயிறு அலைந்து, காகாவின் பேத்தியைக் கண்டுபிடித்தோம். அந்தப் பெண் இரும்புப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதே கட்டம் போட்ட சட்டை; இடப்பக்கப் பையில் மை கொட்டிய அதே கறை. சட்டை திரும்பி வந்தபோது துவைத்து மடித்து வந்தது, கூடவே ஒரு பொட்டலம் முறுக்கும் வந்தது என்று பாட்டி சொல்வாராம்.

பழைய படத்தைச் செல்போனில் எடுப்பதற்கும் முறை உண்டு. கண்ணாடிச் சட்டத்திலிருந்து படத்தை வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் முகம்தான் அதில் தெரியும். ஜன்னலோரம், வெயில் நேரே படாத இடத்தில், தட்டையாக வையுங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள். போனைச் சாய்க்காமல் படத்துக்கு நேர் மேலே பிடியுங்கள். கிழிசலையும் கறையையும் மறைக்க முயலாதீர்கள், அவையும் வரலாறுதான்.

நான்காம் படி: குரல்

டிஜிட்டல் கதைக்கு முதுகெலும்பு குரல். படம் கொஞ்சம் மங்கினால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

நம் சந்தில் அமைதிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். விடியற்காலையில், தண்ணீர் வருவதற்கு முன்னால் அரை மணி நேரம் கிடைக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் எல்லாம் பாழ். தகர வீட்டில் எதிரொலி அடிக்கும்; ஆகவே சுவரோரம் கம்பளியும் பழைய சேலைகளும் தொங்கவிடுங்கள். போன் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே பிடித்தால் மூச்சுக் காற்று மோதி இரையும். மூன்று தடவை பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் இரண்டாவது தடவை நன்றாக வரும். முதலில் பயம் இருக்கும், மூன்றாவதில் களைப்பு இருக்கும்.

அழுகை வந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அழுதால்தான் கதை நன்றாக இருக்கும் என்று எண்ணி யாரையும் தூண்டாதீர்கள். நம் கண்ணீரை வைத்துப் பிழைப்பவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: கோத்தல்

போனில் இதற்கான இலவசச் செயலிகள் பல உண்டு, பிள்ளைகளுக்குத் தெரியும். வரிசையை மட்டும் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதலில் குரலைப் போடுங்கள். பிறகு பட்டியலின்படி படங்களை அதன்மேல் அடுக்குங்கள். படம் சுழல்வது, பறப்பது, பூவாய்ச் சிதறுவது போன்ற வித்தைகள் எல்லாம் செயலியில் இருக்கும், ஒன்றையும் தொடாதீர்கள். படம் வரட்டும், நிற்கட்டும், போகட்டும்.

சினிமாப் பாட்டு வேண்டாம். அது வேறொருவரின் சொத்து. அதோடு, கேட்பவர் மனம் அந்தப் படத்துக்குப் போய்விடும். நம் வாழ்க்கையிலேயே ஓசைக்குப் பஞ்சமா? அம்மாவின் கதையில் பின்னணி இரண்டே ஓசைகள்தாம்: எண்ணெயில் முறுக்கு வேகும் ஓசை, தூரத்தில் ரயில் போகும் ஓசை. அதையும் குரலுக்கு வெகு அடியில் வைத்தோம். சட்டை யாருடையது என்று தெரிகிற இடத்தில் இரண்டையும் நிறுத்திவிட்டோம். மூன்று அட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. அங்கே பேச்சும் இல்லை.

கடைசியாக, அடியில் மராத்தியிலும் இந்தியிலும் எழுத்து ஓடவிட்டோம். நம் கதை நம் பக்கத்து வீட்டுக்குப் புரியாவிட்டால் பிறகு யாருக்குப் புரிந்து என்ன பயன்?

கதை யாருடையது?

இந்த இடத்தில் எங்கள் குழுவுக்குள் நடந்த ஒரு தகராற்றையும் மறைக்காமல் சொல்கிறோம்.

1966-ல் சிவசேனை தொடங்கப்பட்டபின் தென்னிந்தியருக்கு எதிராக நடந்த இயக்கத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைப் பற்றிய பழைய பத்திரிகைப் படங்களை இந்தக் கதையில் சேர்க்க வேண்டும், அப்போதுதான் அரசியல் இருக்கும் என்று எங்களில் சிலர் வாதாடினோம். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்: “காகாவை அதுக்குள்ள இழுக்காதீங்க.” அவர் இல்லாதபோது சேர்த்துவிடலாம் என்றுகூட ஒருவர் யோசனை சொன்னார். வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறோம்.

சேர்க்கவில்லை. கதை அவருடையது, முடிவும் அவருடையதே. இனி இது எங்கள் குழுவின் விதி. சொல்பவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எந்தக் கதையும் வெளியே போகாது. போட்ட பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம். பிறர் முகம் வந்தால் அவரிடமும் கேட்போம். குழந்தைகளின் முகத்தை யோசித்தே காட்டுவோம். ஆதார் எண், அட்டை எண், போன் எண், வீட்டு எண் எதுவும் படத்தில் தெரியாதபடி மறைப்போம். இன்றைய சூழ்நிலையில் ஒரு எண் வெளியே போனால் என்ன தீங்கு நேரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கதையைச் சந்தில் காட்டினோம். டீ குடிக்க யாரும் எழுந்து போகவில்லை. மூன்று நிமிடத்தில் எங்கே போவது என்று கேட்காதீர்கள். முடிந்தபின்னும் யாரும் எழுந்திருக்கவில்லை! மராத்தி பேசும் ஒரு பெரியவர் எழுந்து வந்து, தன் வீட்டிலும் ஒரு அட்டை இருக்கிறது, பார்க்க வருகிறீர்களா என்று கேட்டார். எங்கள் நாற்பது நிமிடப் படம் செய்யாத வேலையை ஒரு இரவல் சட்டை செய்துவிட்டது. அதில் அரசியல் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

நாங்கள் தாமதித்த கதை

இன்னொரு கதை இருக்கிறது, அது எடுக்கப்படவில்லை. நாற்பது ஆண்டுகள் விடியற்காலை நான்கு மணிக்கு இட்லிப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ஒரு பெரியவர் நம் சங்கத்தில் இருந்தார். 1971-ல் பாந்த்ராவிலிருந்து இறைச்சிக்கூடம் தேவனாருக்குப் போனபின், தாராவியின் தோல் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதையும், தோல் தொட்டியிலிருந்து ஏறியவர்கள் இட்லி அடுப்புக்கு வந்ததையும் அவரைப்போல் சொல்ல ஆள் கிடையாது. அவர் கதையை எடுக்க நாள் குறித்தோம். நல்ல மைக் ஒன்று இரவல் வருகிறது, வந்ததும் எடுக்கலாம் என்று மூன்று வாரம் தள்ளினோம். மைக் வந்தது. பெரியவர் போய்விட்டார்.

அவர் மகளிடம் கேட்டோம். போனில் அவர் குரல் ஒன்றே ஒன்று இருக்கிறதாம். பதினோரு விநாடி. “வரும்போது மாத்திரை வாங்கிட்டு வாம்மா, மறந்துராத.” அவ்வளவுதான். ஒரு மனிதரின் நாற்பது ஆண்டு உழைப்புக்கு நம்மிடம் மிச்சமிருப்பது அந்தப் பதினோரு விநாடி.

ஆகவே தாய்மார்களே, தோழர்களே, நல்ல மைக் வரட்டும், நல்ல போன் வாங்கட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளாதீர்கள். இன்றிரவே உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, “நீங்கள் இந்த ஊருக்கு வந்த அன்றைக்கு முதலில் எங்கே தூங்கினீர்கள்?” என்று கேளுங்கள். போனை ஓடவிடுங்கள். கதை பிறகு ஆகட்டும், குரல் இருக்கட்டும்.

இதனால் என்ன ஆகும், என்ன ஆகாது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். டிஜிட்டல் கதை வீட்டுக்குச் சான்று ஆகாது. அதிகாரியிடம் போய்க் கதையைக் காட்டி வீடு வாங்க முடியாது. ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது, போட்டோ பாஸ், வாக்காளர் பட்டியல் நகல் ஆகியவற்றை எல்லாம் தண்ணீர் படாத உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தெளிவான படம் எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். அதற்கான போராட்டத்தைச் சங்கம் தனியே நடத்துகிறது. அதற்குக் கதை மாற்றல்ல.

பிறகு எதற்குக் கதை? நாளைக்கு நமக்கு வீடு கிடைத்து மாடியில் ஏறினாலும், கிடைக்காமல் ஊரின் எல்லைக்குத் தள்ளப்பட்டாலும், இரண்டு வகையிலும் இந்தச் சந்து போய்விடும். மூன்று வீட்டுக்கு ஒரு சட்டை என்று வாழ்ந்த அந்தச் சுவர் போய்விடும். நம் பேரப்பிள்ளைகள் கேட்கும்போது, பிறர் எடுத்த படத்தையா காட்டப் போகிறோம்? மொழியைக் காட்டி நம்மையும் நம் பக்கத்து வீட்டாரையும் பிரிக்க வருபவர்களிடம் எதைக் காட்டப் போகிறோம்? மூன்று அட்டையும் ஒரே சட்டையும் நம்மிடம் இருக்கட்டும்.

அடுத்த நான்கு ஞாயிறுகள்

வருகிற ஞாயிறு முதல் நான்கு வாரம் மாலை ஐந்து மணிக்குச் சங்க அறையில் வகுப்பு நடத்துகிறோம். கட்டணம் இல்லை. முதல் வாரம் வட்டமாக உட்கார்ந்து பேசுவது. இரண்டாம் வாரம் எழுதுவதும் பட்டியல் போடுவதும். அடுத்த ஐந்து நாட்களில் விடியற்காலையில் குரல் பதிவு; வீட்டுக்கே நாங்கள் வருகிறோம். மூன்றாம் வாரம் படங்களைக் கோப்பது. நான்காம் வாரம் வீட்டாருக்கு மட்டும் போட்டுக் காட்டித் திருத்துவது. முடிந்த கதையை இரண்டு இடத்தில் சேமித்து வைப்போம். வாட்ஸாப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

கொண்டுவர வேண்டியவை மூன்று: ஒரு பழைய படம் அல்லது பொருள், வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு செல்போன், நூறு பக்க நோட்டு ஒன்று. எழுதத் தெரியாத தாய்மார்கள் தயங்க வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள், உங்கள் பிள்ளைகள் எழுதட்டும். மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது. சட்டை யாருடையது என்பதில் இரண்டு பேருக்கும் இரண்டு கதை இருக்கும்!

பொங்கலன்று தொண்ணூறடிச் சாலையில் நம் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பது இந்த ஊருக்கே தெரியும். அன்று மாலை, அடுப்பு ஆறியபின், ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி நம் கதைகளைப் போட்டுக் காட்டுவோம். பத்துக் கதை வந்தால் அரை மணி நேரம். இருபது வந்தால் ஒரு மணி நேரம். கல்யாணிலிருந்து காகாவின் பேத்தி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்களும் வாருங்கள். வெறுங்கையோடு வராதீர்கள், உங்கள் கதையோடு வாருங்கள்.